க்ளட்ச் பக்கம் திரும்பு

எனக்கு இடது வலது பிடிபடாது. தெரியாது என்றில்லை, யோசித்தால் தெரியும். ஆனால் யோசிக்க ஒரு கணம் வேண்டும். அந்தக் கணத்துக்குள் வண்டி திருப்பத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

நான் பிறவியிலேயே பீச்சாங்கைக்காரி. கர்நாடகத்தில், ஹனூர் பக்கம் எங்கள் வீட்டில் எழுதவும் களை வெட்டவும் அந்தக் கையை அனுமதித்தார்கள். சோறு மட்டும் மற்றக் கையால்தான் தின்ன வேண்டும் என்றார்கள். அதனால் யாராவது வலது பக்கம் என்று சொன்னால், மனதுக்குள் ஒரு தட்டுச் சோற்றை வைத்து, எந்தக் கை அதில் இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், வேலையில் இங்கிலீஷ் என்று வளர்ந்ததில் இந்த இரண்டு பக்கங்களுக்கும் ஆறு சொற்கள் கிடைத்தன. ஆறும் குழப்பத்தைத்தான் கூட்டின.

இப்படிப்பட்டவள் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறாள் என்றால், அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறார். நான் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மகள் படிக்க வெளியூர் போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. அப்போதுதான் எனக்கும் ஒரு வண்டி வாங்கிக் கொடுத்து, மகாஜன மைதானத்தில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அதற்குப் பிறகு தொடர்ந்து விடுமுறை வந்தால் ஆளுக்கொரு வண்டியில் கிளம்பிவிடுவோம். குடகு, வயநாடு, ஊட்டி, சிக்மகளூர். அவர் முன்னால் போவார், அவருடைய பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு நான் போவேன். வழி அவர் பொறுப்பு, ரசிப்பது என் பொறுப்பு. எத்தனையோ ஊர் பார்த்திருக்கிறேன். எந்த ஊருக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் தெரியாது.

அந்த ஏற்பாடு ஒரு நாள் காலை குளியலறையில் முடிந்துபோனது. சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து அவர் தோள்பட்டைக்குப் பக்கத்தில் காலர் எலும்பை முறித்துக்கொண்டார். இத்தனை வருஷம் மலைச்சாலைகளில் கீறல் படாத மனுஷர் வீட்டுக்குள் விழுந்தது பற்றி அவருக்கு ரொம்ப வெட்கம். கையைத் தொங்கவிட்டிருந்த பட்டையைக் கழற்றிய பிறகும், சில மாதங்களுக்கு ஹேண்டில்பார் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். பின்னால் உட்காரலாமா என்று அவர் கேட்டார். மெதுவாகப் போனால் உட்காரலாம் என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை கெட்டது.

முதலில் போனை வைத்துத்தான் முயன்றோம். ஹேண்டில்பாரில் ஒரு பிடிப்பானை மாட்டி, அதில் அவருடைய போனைச் செருகினோம். சாமராஜநகர் வரை போய்வருவதாகத் திட்டம். நஞ்சன்கூடு தாண்டுவதற்குள் வெயிலில் போன் சூடாகித் திரை கறுத்துவிட்டது. எடுத்து நிழலில் ஆறவைத்து மறுபடி மாட்டினால், திடீரென்று மழை. துளி ஒவ்வொன்றும் விரல் போலத் திரையைத் தொட, வரைபடம் இங்கும் அங்கும் ஓடியது. அப்புறம் மறைந்தே போனது. பின்னால் இருந்து அவர் வலது, வலது என்று கத்தினார். நான் மனதுக்குள் சோற்றுத் தட்டைத் தேடிக்கொண்டே இடது பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். அங்கே நிறுத்திவிட்டு, நனைந்துகொண்டே, கல்யாணம் ஆன நாளிலிருந்து போடாத ஒரு சண்டையைப் போட்டோம். ஓய்ந்து போனை எடுத்துப் பார்த்தால், மழை அவருடைய அக்காவுக்கு போன் போட்டிருந்தது. அக்கா மறுமுனையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம் பேச வேண்டும் என்றார். "நீ சொன்னதுதாம்மா ஞாயம்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு வைத்தார்.

கரும்புத் தோட்டத்தில் நின்று நாங்கள் சிரித்த சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. போதாததற்கு, வண்டியின் அதிர்வில் போனின் கேமராவும் கெட்டிருந்தது. அதன் பிறகு அவர் எடுத்த படமெல்லாம் தண்ணீருக்கடியில் எடுத்தது போல நெளிந்தது. மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்குவது என்று அன்றைக்கே முடிவாயிற்று.

எதை வாங்குவது என்பதில் அடுத்த வாதம். அவர் ஒரு வாரம் உட்கார்ந்து இணையத்தில் படித்தார். ஹெல்மெட்டுக்குள் பேசும் கருவிதான் நல்லது, கண் சாலையைவிட்டு அகலாது என்றார். காதுக்குள் ஒரு குரல் வலது என்று சொன்னாலும் எனக்குச் சோற்றுத் தட்டுதானே வரும் என்று நான் கேட்டேன். எனக்குச் சொல் வேண்டாம், படம் வேண்டும். இதை அவருக்குப் புரியவைப்பதற்குள் இரண்டு ஃபில்டர் காபி காலியாயிற்று. ஓட்டப்போவது நான்தான் என்பதால் தேர்வும் என்னுடையது என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்.

அக்ரஹாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடை. ஹெல்மெட், கையுறை, மழைச்சட்டை எல்லாம் விற்பார்கள். கடைக்காரர் மேஜை மேல் மூன்று கருவிகளை வைத்தார். ஒன்று உள்ளங்கையில் அடங்கும் வட்டம். வரைபடமே கிடையாது, அம்புக்குறி ஒன்று மட்டும். பார்த்ததும் எனக்கு ஆசையாகிவிட்டது. எனக்காகவே செய்ததுபோல் இருந்தது. ஆனால் அது போனோடு பேசிக்கொண்டுதான் வேலை செய்யும், போனில் சிக்னல் இல்லாத இடத்தில் புது வழி தேடாது என்றார் கடைக்காரர். நாங்கள் போவதெல்லாம் சிக்னல் இல்லாத இடம். இன்னொன்று பெரிய திரை, விலை மலிவு. அதைத் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். வெயிலில் திரையில் என் முகம்தான் தெரிந்தது. மூன்றாவது சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரியது, தடிமனானது, அழகில்லாதது. வரைபடம் முழுவதும் அதற்குள்ளேயே இருந்தது. வானத்திலிருக்கும் செயற்கைக்கோள் தெரிந்தால் போதும், செல்போன் கோபுரம் வேண்டாம். வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. கையுறை போட்ட விரலால் தொட்டேன், கேட்டது. என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் மேல் ஊற்றலாமா என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கன்னடத்தில் சரி என்றார், ஆனால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஊற்றினேன். வரைபடம் அசையவில்லை.

மெக்கானிக் அதற்கு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, சாவியை அணைத்தால் தானும் அணையும்படி செய்து கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கல்யாணம் ஆனதிலிருந்து சுற்றிய தெருக்களில்தான் பழக வேண்டும் என்று எண்ணம். கோயில் வாசலில் கோலம் போடுகிறவர்கள், பால் வண்டி, ஸ்கூட்டரில் பூக்கூடை. ஆனால் அம்புக்குறி காட்டுவதற்கு நேர் எதிராகவே நான் திரும்பிக்கொண்டிருந்தேன். தெற்கே போகும்போது எல்லாம் தலைகீழ். இந்தக் கருவியாலும் என்னைத் திருத்த முடியாது என்று ஒரு டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு, அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். வரைபடத்தில் எப்போதும் வடக்கு மேலே இருக்க வேண்டுமா, அல்லது நாம் போகும் திசை மேலே இருக்க வேண்டுமா என்று ஒரு கேள்வி இருந்தது. இரண்டாவதைத் தொட்டேன்.

வண்டியை எடுத்துத் திரும்பினேன். நான் திரும்பத் திரும்ப வரைபடமும் கூடவே திரும்பியது. எனக்கு முன்னால் இருந்த தெரு திரையிலும் முன்னால் இருந்தது. பால்காரர் நின்ற மூலை திரையிலும் அதே பக்கம் இருந்தது. எந்தக் கை, எந்தப் பக்கம் என்று எதையும் யோசிக்காமல் கோடு போன வழியில் போனேன். ஒரு முறை சுற்றினேன், திரும்ப ஒரு முறை சுற்றினேன், பிறகு சும்மா சந்தோஷத்துக்காக இன்னொரு முறை. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்று சிரித்தேன்.

முதல் பயணம் மாதேஸ்வரன் மலைக்கு என்று நானே முடிவு செய்தேன். பிறந்த ஊரைத் தாண்டி இருக்கும் மலைக்கு ஜிபிஎஸ் எதற்கு என்று அவர் கிண்டல் செய்தார். கொள்ளேகால் வழியாக பஸ் போகும் பாதை எனக்குத் தூக்கத்திலும் தெரியும்தான். அதில்லை, காட்டைச் சுற்றிக்கொண்டு ஒடையார்பாளையத்தில் இறங்கி ஹனூரைப் பின்பக்கமாகப் போய்த் தொட வேண்டும் என்றேன். கருவியில் வேகமான வழி, குறுகிய வழி, வளைவான வழி என்று மூன்று இருந்தது. வளைவான வழியை அமுக்கினேன். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

அந்தக் காலை அவ்வளவு நன்றாக இருந்தது. மழை ஓய்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சாமந்தித் தோட்டங்கள் மஞ்சளாக விரிந்து கிடந்தன. காட்டுச்சாலையில் யானை லத்தி புதிதாகக் கிடந்ததைப் பார்த்து இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தோம். யானை வரவில்லை, மயில்தான் வந்தது. ஒடையார்பாளையத்தில் திபெத்தியர் குடியிருப்பில், கொடிகள் படபடக்கும் ஒரு சின்னக் கடையில் சூடாக நூடுல்ஸ் சூப் குடித்தோம். வழி சொல்ல வேண்டிய வேலை இல்லாததால் இதையெல்லாம் இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் அவர். முன்னால் போகும்போது சாலையைத் தவிர எதையும் பார்த்ததே இல்லையாம். எனக்கு அது புதிய செய்தி.

ஹனூருக்கு முன்னால் ஓர் ஓடைப் பாலம். மழையில் அதன் ஒரு பக்கம் சரிந்துபோயிருந்தது. குறுக்கே முள்ளை வெட்டிப் போட்டுக் கல் அடுக்கியிருந்தார்கள். அதன் முன்னால் ஒரு வேன் நின்றது. சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பெண்களும் பெரியவர்களுமாக இறங்கி நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில், புது வேட்டி சட்டையில், நெற்றி வியர்க்க ஓர் இளைஞர் போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடிக்கொண்டிருந்தார். அவர் அக்கா குழந்தைக்கு மலையில் அன்று முடியெடுத்துக் காது குத்துகிறார்கள். அக்காவும் மாப்பிள்ளை வீட்டாரும் முந்தின நாளே மேலே போய்விட்டார்கள். தாய்மாமன் இவர். சீர்த்தட்டு, தோடு, புதுத்துணி எல்லாம் இந்த வேனில்.

"எம்பட மடியில உக்கார வெச்சுத்தானுங்க காது குத்தோணும்" என்றார் அந்தத் தாய்மாமன், என் வீட்டுக்காரரைப் பார்த்து. "நல்ல நேரம் முடியறதுக்குள்ள போயிருவனுங்களா? வேற தடம் இருக்குதுங்களா?"

என் வீட்டுக்காரர் கையை என் பக்கம் காட்டினார். "எனக்குத் தெரியாதுப்பா. வண்டி ஓட்றது அவங்க, வழி பாக்கறதும் அவங்க. அவங்களக் கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாருக்கும் வழி சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். திரையைப் பார்த்தேன். முன்னால் இருக்கும் பாதையை மூடியதாக வைத்துக்கொண்டு வேறு வழி தேடச் சொன்னேன். வளைவான வழி வேண்டாம், மண்பாதை வேண்டாம் என்று இரண்டையும் மாற்றினேன். பின்னால் வேன் வருகிறது அல்லவா. கொஞ்ச நேரம் சுழன்றுவிட்டுக் கருவி ஒரு கோடு போட்டது. இரண்டு மூன்று கிராமங்கள் வழியாகப் போய் ஹனூர் சாலையைத் தொட்டது அந்தக் கோடு.

"எம்பொறத்தால வாங்க" என்றேன். பிறந்த ஊர்ப் பேச்சு தானாக வாயில் வந்துவிட்டது.

முதல் கிராமம் சரியாக வந்தது. இரண்டாவதில் கோடு போன தெரு நேராக ஒரு களத்தில் போய் முடிந்தது. சோளம் காயப்போட்டிருந்தார்கள். அதற்கு அப்பால், வரைபடத்தில் சாலை இருக்க வேண்டிய இடத்தில், புதிதாகக் கட்டிய பட்டுப்புழுக் கொட்டகை. பின்னால் வேன் வந்து நின்றது. வேனில் யாரோ பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. களத்தில் சோளத்தைத் துழாவிக்கொண்டிருந்த அம்மாள் எங்கள் இரண்டு வண்டிகளையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

நான் திரையைப் பெரிதாக்கினேன். பக்கத்தில் நீலமாக ஓர் ஏரி. அதன் ஓரமாக மெல்லிய கோடு ஒன்று, மண்பாதை வேண்டாம் என்று சொன்னதால் கருவி ஒதுக்கிவிட்ட கோடு. ஏரிக்கரையில் வேன் போகுமா என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். கரும்பு லாரியே போகும் என்றார். சோளத்தை ஓரமாகத் தள்ளி வேன் திரும்ப இடமும் செய்து கொடுத்தார்.

ஏரிக்கரைக்குப் போகும் வழி தென்னந்தோப்புக்குள் கிளை கிளையாகப் பிரிந்தது. அடுத்தடுத்த திருப்பங்கள். ஒரு பக்கம் வாய்க்கால், தரை சேறு. கண்ணைத் திரைக்குக் கொண்டுபோக முடியவில்லை. பின்னால் இருந்து என் தோளுக்கு மேல் அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார். பிறகு சொன்னார்.

"க்ளட்ச் பக்கம் திரும்பு."

என் கை தானாகத் திரும்பியது. சோற்றுத் தட்டு வரவே இல்லை. க்ளட்ச் எந்தக் கையில் இருக்கிறது என்று யாராவது யோசிப்பார்களா? விரல்களுக்கே தெரியும். "இப்போ ஆக்ஸிலேட்டர் பக்கம்" என்றார். திரும்பினேன். "மறுபடி ஆக்ஸிலேட்டர். இப்போ க்ளட்ச்." ஒரு திருப்பம்கூடத் தப்பவில்லை. நான் ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். இத்தனை வருஷம் இது ஏன் தோன்றவில்லை என்று கேட்டேன். பௌதிக வாத்தியார் பின்னால் உட்கார்ந்து குலுங்குவது முதுகில் தெரிந்தது. தோள் வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்றார்.

ஏரிக்கரை மேலே ஏறியதும் காற்று. தண்ணீர் நிறைந்து கிடந்தது. கண்ணாடியில் வேன் ஆடி ஆடி வருவதும், ஜன்னல் வழியாகப் பெண்கள் கையாட்டுவதும் தெரிந்தது. கரை இறங்கியதும் தார்ச்சாலை, அதிலிருந்து ஹனூர். நான் படித்த பள்ளிக்கூடச் சுவர், டிராக்டர்கள், பஸ் நிலையத்தில் பழ வண்டிகள். இங்கிருந்து வேனுக்கு வழி தெரியும், நேரே போக வேண்டியதுதான். ஒதுங்கி நின்று கைகாட்டினேன். வேன் முன்னால் போகவில்லை. தாய்மாமன் ஜன்னலில் தலை நீட்டி, மலை வரைக்கும் நீங்களே முன்னால் போங்க என்றார்.

கௌதள்ளி, தாளபெட்டா, அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் திரையில் கோடு என்னோடு வளைந்தது. வேனுக்குள் யாரோ மலைச்சாமி மாதப்பனைக் கன்னட பக்தர்கள் போல உகே உகே என்று போற்றி அழைக்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மேலே போய் நிறுத்தியபோது தாய்மாமன் வேன் முழுசாக நிற்பதற்கு முன்பே சீர்த்தட்டோடு குதித்து ஓடினார்.

நாங்கள் டீ குடித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தோம். குழந்தையின் அம்மாவே தேடி வந்து எங்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மாமன் மடியில் உட்கார்ந்திருந்தது அந்தப் பெண் குழந்தை. அழாமல் எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தது. ஆசாரி முதல் காதைக் குத்தினார். குழந்தை ஒரு நொடி யோசித்தது, பிறகு மலையே கேட்கும்படி வீறிட்டது. அந்த மாமன் அதைவிடப் பெரிதாக அழுதார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தோம். எங்களையும் ஆசீர்வாதம் செய்யச் சொன்னார்கள். நாங்களும் அட்சதை போட்டோம்.

பந்தியில் பொங்கலும் சாம்பாரும் போட்டுக்கொண்டே இருந்தார்கள். தடங்காட்டி வந்த அக்காவுக்கு இன்னொரு கரண்டி என்று ஒவ்வொருவராக வந்தார்கள். தடங்காட்டி. வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பக்கத்து இலையில் என் வீட்டுக்காரர் எதையும் வெளியே காட்டாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அன்று சாயங்காலமே தன் அக்காவுக்கு போன் போட்டு, ஏரிக்கரையை மட்டும் கொஞ்சம் உயரமாக்கி, முழுக்கதையையும் சொன்னார்.

இரவு மலையிலேயே தங்கினோம். மறுநாள் காலையில் பனி விலகியதும் வண்டியைத் துடைத்துக் கிளப்பினேன். திங்கட்கிழமை விடுப்பு இருவருக்குமே இருந்தது. வீட்டுக்குப் போக ஹனூர் வழி. எதிர்ப்பக்கம் இறங்கினால் பாலாறு, மேட்டூர், காவிரி. நான் அந்தப் பக்கம் இதுவரை போனதில்லை. கையுறை விரலால் மேட்டூரை அமுக்கினேன். அவர் எட்டிப் பார்த்தார், ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டார், அவ்வளவுதான். இறக்கத்தில் முதல் வளைவு திரும்பியதும், கீழே தூரத்தில், வெயில் பட்ட ஆறு தெரிந்தது.